மைஎஸ்க்யூஎல் 5.7இலிருந்து 8.4 வரை: சேர்வரை மாற்றும்போது மென்பொருளும் தமிழும் உடையாமல் காப்பது எப்படி

கல்முனையில் ஒரு மொத்தக் கடையின் பில் மென்பொருள், அக்கரைப்பற்றில் ஒரு நெல் ஆலையின் கொள்முதல் கணக்கு, மட்டக்களப்பு நகரில் ஒரு டியூட்டரியின் மாணவர் பதிவு. இப்படிப்பட்ட இடங்களில் ஏழெட்டு வருடத்துக்கு முன் வெறும் பிஎச்பி மொழியிலோ, அதற்கான ஆயத்தச் சட்டகமாகிய (பிரேம்வேர்க்) லாராவெல்லிலோ எழுதிக் கொடுத்த மென்பொருள் இன்னும் ஓடுகிறதென்றால், அடியில் தரவைச் சேமித்துத் தரும் டேட்டாபேஸ் சேர்வராக மைஎஸ்க்யூஎல் 5.7 இருக்கக்கூடும். அதற்கான ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. 8.0க்கும் 2026 ஏப்ரல் வரைதான். ஆகவே போய்ச் சேர வேண்டிய இடம் 8.4. அது 2024 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு.

இந்த வேலையை முதல் தடவை கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறோம். புதிய சேர்வரை நிறுவ அரை மணி நேரம் போதும். மிச்ச நாளெல்லாம் போவது, சேர்வரும் பிரேம்வேர்க்கும் ஒன்றோடொன்று பேசும் இடத்தில் வரும் பிழைகளைத் தீர்க்கவும், உள்ளே இருக்கும் தமிழ் சரியாக வந்ததா என்று பார்க்கவும்தான்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். அமைப்புப் பெயர்களைக் கோப்பில் எழுதும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே கீழ்க்கோடு வைத்து எழுதுங்கள். பிழைகளுக்கு இலக்கமும் கொடுத்திருக்கிறோம். திரையில் வருவதோடு ஒப்பிட அது லேசு.

கை வைக்க முதல்: நான்கு பதிப்பு எண்கள்

ஒரு கடதாசியில் நான்கு எண்களை எழுதுங்கள்: டேட்டாபேஸ் சேர்வர், பிஎச்பி, பிரேம்வேர்க், இயங்குதளம்.

சேர்வரின் எண்ணை "செலக்ட் வெர்ஷன்" என்று கேட்டால் அதுவே சொல்லும். புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. டேட்டாபேஸும் பிஎச்பியும் ஒன்றாக வரும் எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவியிருப்பவர்கள் தங்களிடம் இருப்பது மைஎஸ்க்யூஎல் என்றே நினைத்திருப்பார்கள். 2015இலிருந்து எக்ஸாம்ப்போடு வருவது மரியாடிபி, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த இன்னொரு டேட்டாபேஸ். பதிலில் 10.4 என்று தொடங்கி மரியாடிபி என்ற பெயரும் வந்தால், உங்கள் தரவுக் கோப்புறையைத் தூக்கி மைஎஸ்க்யூஎல் 8க்குள் வைக்க முடியாது. டம்ப் எடுத்து, அதாவது தரவை எஸ்க்யூஎல் கட்டளைகளாக ஒரு கோப்பில் எழுதி, ஏற்றுவது ஒன்றே வழி.

பிஎச்பியின் எண்ணைக் கட்டளைச் சாளரத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். அங்கே 8.1 இருக்கும், வெப் சேர்வரான அப்பாச்சி பயன்படுத்துவது 7.2 ஆக இருக்கும். பிஎச்பிஇன்போ பக்கத்தை உலாவியில் திறந்து அங்கே வரும் எண்ணை எழுதுங்கள். லாராவெல்லுக்கு "பிஎச்பி ஆர்ட்டிசன்" கட்டளையோடு வெர்ஷன் கேளுங்கள்.

இயங்குதளத்தை ஏன் எழுத வேண்டும்? உபுண்டு 18.04இல் மைஎஸ்க்யூஎல் 5.7, 20.04இல் 8.0. இயங்குதளத்தை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு தொடங்கினால் சேர்வரும் கூடவே மாறிவிடும், பேக்கப் எடுக்க முதலே.

எது முதலில்

பிரேம்வேர்க்கையும் சேர்வரையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். பிழை வந்தால் யார் பக்கம் என்றே தெரியாது. முதலில் பழைய சேர்வரோடும் புதிய சேர்வரோடும் பேசக்கூடிய ஒரு பிரேம்வேர்க் பதிப்புக்கு மாறுங்கள். அதைப் பழைய சேர்வரோடு ஒரு கிழமை ஓடவிடுங்கள். பிறகு சேர்வரை மாற்றுங்கள். பிரேம்வேர்க்கை இன்னும் மேலே கொண்டுபோவது அதற்கும் பிறகு.

லாராவெல் 8 இப்படிப்பட்ட ஒரு நடுப்படி. அதற்கு பிஎச்பி 7.3 போதும், ஆனால் 7.4 வையுங்கள். புதிய சேர்வரின் கடவுச்சொல் முறையை பிஎச்பி ஒழுங்காகக் கையாளத் தொடங்கியது 7.4இலிருந்துதான். அந்த 7.4க்கும் 2022இலேயே ஆதரவு முடிந்துவிட்டதால் அங்கேயே தங்கிவிடாமல் 8.2 அல்லது அதற்கு மேல் போகத் திட்டமிடுங்கள். லாராவெல் 10க்கு பிஎச்பி 8.1உம், 11க்கு 8.2உம் வேண்டும்.

பைதன் மொழியின் பிரேம்வேர்க் ஜாங்கோவில் இந்த வரிசை இன்னும் இறுக்கம். 4.1 வரை மைஎஸ்க்யூஎல் 5.7உடன் ஓடும். 4.2 அதை ஏற்காது, மைஎஸ்க்யூஎல் 8 வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே 4.1இல் நின்று, சேர்வரை 8.0 ஆக்கி, பிறகு 4.2.

சேர்வர் பக்கத்திலும் படி தாண்ட முடியாது. 5.7இன் கடைசி வெளியீடான 5.7.44, அங்கிருந்து 8.0, பிறகு 8.4. தரவுக் கோப்புறையோடு 5.7இலிருந்து நேரே 8.4க்குப் பாய்ந்தால் சேர்வர் எழும்பாது.

நாளும் பேக்கப்பும்

நெல் ஆலைக்கு வெள்ளாமை வெட்டுக் காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கடைகளுக்குப் போயா விடுமுறைக்கு முதல் நாள் இரவு வசதி, பின்னால் ஒரு முழு நாள் கிடைக்கும். நவம்பர், டிசம்பர் மாரியில் மின்சாரத்தை நம்ப முடியாது. 8.0 முதல் தடவை எழும்பும்போது உள் அட்டவணைகளையெல்லாம் தானே மாற்றி எழுதும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் அந்தத் தரவுக் கோப்புறை பழையதுக்கும் புதியதுக்கும் உதவாமல் போகக்கூடும். யூபிஎஸ் இல்லாத கணினியில் தொடங்கவே வேண்டாம். வேண்டிய நிறுவல் கோப்புகளையும் முதலே இறக்கி வையுங்கள்.

பேக்கப் இரண்டு வகையாக வேண்டும். ஒன்று மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்த எஸ்க்யூஎல் கோப்பு. சிங்கிள் டிரான்சாக்‌ஷன், ரூட்டீன்ஸ், ஈவன்ட்ஸ் ஆகிய தெரிவுகளைச் சேருங்கள். ரூட்டீன்ஸ் இல்லாவிட்டால் சேர்வருக்குள் எழுதி வைத்த செயல்முறைகள் வராது, அதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. மற்றது, சேர்வரை முற்றாக நிறுத்திவிட்டு எடுத்த தரவுக் கோப்புறையின் நகல். இரண்டையும் வெளி வன்தட்டு ஒன்றில் போட்டு அந்தக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். தட்டில் தரவின் அளவைப்போல மூன்று மடங்கு இடம் காலியாக இருக்கட்டும்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் டம்ப் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். கட்டளையின் கடைசியில் அம்புக்குறி போட்டுக் கோப்புக்கு அனுப்பினால், பவர்ஷெல் அதை யூடிஎப்16 ஆக மாற்றி எழுதும். தமிழ் எழுத்துகள் அந்த இடத்திலேயே சிதைந்துவிடும். அம்புக்குறிக்குப் பதிலாக "ரிசல்ட் ஃபைல்" என்ற தெரிவில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். புதிய 8.0இன் டம்ப் கருவியால் பழைய 5.7ஐ எடுக்கப்போய் பிழை 1109 வந்தால், "கொலம் ஸ்டட்டிஸ்டிக்ஸ்" தெரிவைப் பூச்சியமாக்குங்கள்.

எடுத்த டம்ப்பை ஒரு வெற்று டேட்டாபேஸில் ஏற்றிப் பார்க்கும் வரை அதை பேக்கப் என்று எண்ணாதீர்கள். பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றினால் பெரிய கோப்பு அளவு வரம்பில் தடைப்படும். கட்டளைச் சாளரத்தில் ஏற்றுங்கள்.

பக்கத்திலேயே புதிய சேர்வர்

மட்டக்களப்பு கல்லடியில் புதுப் பாலத்தைப் பழையதன் பக்கத்தில் கட்டி முடித்து, 2013இல் அதைத் திறக்கும்வரை வாகனங்கள் பழையதிலேதான் போய்வந்தன. சேர்வரையும் அப்படியே மாற்றுங்கள். பழையது 3306 போர்ட்டில் (சேர்வரின் வாசல் எண்) ஓடட்டும். புதியதை வேறு கோப்புறையில், 3307 போர்ட்டில் நிறுவி, டம்ப்பை அங்கே ஏற்றுங்கள். மென்பொருளின் நகல் ஒன்றை எடுத்து அதன் சூழல் கோப்பில் (என்வ்) போர்ட்டை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு, இரண்டும் உண்மையான கணக்கைக் கெடுக்கக்கூடியவை. லாராவெல்லில் முன்பு எப்போதாவது "கொன்பிக் கேஷ்" கட்டளை கொடுத்திருந்தால், சூழல் கோப்பில் நீங்கள் மாற்றியதை அது பார்க்கவே பார்க்காது. நீங்கள் புதியதில் சோதிப்பதாக நினைத்துப் போடும் பொய்ப் பில்கள் பழைய கணக்கில் ஏறும். "கொன்பிக் கிளியர்" கொடுத்துவிட்டே தொடங்குங்கள். மற்றது லினக்ஸில். ஹோஸ்ட் பெயராக "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால் பிஎச்பி போர்ட் எண்ணைப் பொருட்படுத்தாது, சொக்கெட் கோப்பு வழியாகப் பழைய சேர்வருக்கே போகும். 127.0.0.1 என்று எண்ணாகக் கொடுங்கள். மென்பொருளுக்குள்ளிருந்தே பதிப்பையும் போர்ட்டையும் கேட்டு, 3307 என்று பதில் வந்த பிறகே முதல் சோதனைப் பில்லைப் போடுங்கள்.

டம்ப்பை ஏற்ற முதல், மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் உள்ள அப்கிரேட் சோதனையைப் பழைய சேர்வர்மீது ஓட்டுங்கள். எரர் என்று வருபவற்றைத் தீர்க்காமல் நகராதீர்கள்.

வரும் பிழைகள்

சேர்வர் எழும்பவே மறுத்தால் காரணம் அநேகமாகப் பழைய அமைப்புக் கோப்பு. "குவெரி கேஷ் சைஸ்" என்ற வரி இருந்தால் 8.0 எழும்பாது, அந்த வசதியே நீக்கப்பட்டுவிட்டது. அழித்துவிடுங்கள். வேறு வரிகளுக்கும் இதே கதிதான். எரர் லொக் கோப்பின் கடைசிப் பத்து வரியில் எந்தப் பெயர் என்று எழுதியிருக்கும்.

பிழை 2054 வந்தால் கடவுச்சொல் பிழை என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். 8.0இலிருந்து பயனர்களுக்கு இயல்பாகக் கிடைப்பது "கேஷிங் ஷா2" முறை, பழைய பிஎச்பிக்கு அது தெரியாது. இணையத்தில் தேடினால், அமைப்புக் கோப்பில் "டிஃபால்ட் ஒதென்டிகேஷன் பிளகின்" என்ற வரியைப் போட்டு "நேட்டிவ் பாஸ்வேர்ட்" முறைக்குத் திரும்பச் சொல்வார்கள். 8.0இல் அது வேலை செய்யும். 8.4இல் அந்த அமைப்பே இல்லை, அந்த வரி இருந்தால் சேர்வர் எழும்பாது. நேட்டிவ் முறையும் 8.4இல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதில் மிஞ்சிய பயனர் உள்ளே வரப் பார்த்தால் பிழை 1524. 9.0இல் அந்த முறை முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. சரியான மருந்து பிஎச்பியை 7.4க்கோ அதற்கு மேலோ கொண்டுவந்து, ஒவ்வொரு பயனரையும் "ஓல்டர் யூசர்" கட்டளையால் ஷா2 முறைக்கு மாற்றுவதுதான்.

இதே முறை இன்னொரு வகையிலும் ஆளைக் குழப்பும். நேற்று வரை ஓடிய மென்பொருள், கரண்ட் போய் வந்த காலையில் உள்நுழைய மறுக்கும். ஒரு பயனர் முழுச் சோதனையில் ஒரு தடவை தேறிவிட்டால் சேர்வர் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த தடவைகளில் சுருக்கமாகச் சோதித்து உள்ளே விடும். சேர்வர் மறுபடி தொடங்கும்போது அந்த நினைவு அழிந்துவிடும். மறையாக்கம் இல்லாத இணைப்பில் வரும் பழைய கிளையண்டால் முழுச் சோதனையைத் தாண்ட முடியாது. ஜாவாவில் எழுதியவற்றில் பொதுச் சாவி பெற அனுமதியில்லை என்ற செய்தியாக இது வரும். ஆகவே சோதனை முடிந்ததும் சேர்வரை வேண்டுமென்றே நிறுத்தித் தொடங்கி, நேரே மென்பொருளைத் திறந்து பாருங்கள். மின்வெட்டு செய்யப்போகும் சோதனையை நீங்களே முந்திச் செய்துவிடுகிறீர்கள்.

பிழை 1231, "நோ ஓட்டோ கிரியேட் யூசர்" என்ற சொல்லோடு வந்தால், அது பழைய லாராவெல் 5 பதிப்புகளின் வேலை. இணைந்தவுடனேயே அவை சேர்வரிடம் கேட்கும் முறைகளில் இதுவும் ஒன்று, 8.0.11இலிருந்து இது இல்லை. பிரேம்வேர்க்கை உடனே மாற்ற முடியாவிட்டால், டேட்டாபேஸ் அமைப்புக் கோப்பில் "மோட்ஸ்" பட்டியலை நீங்களே எழுதி இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டிரிக்ட் முறையை ஒட்டுமொத்தமாக அணைப்பது பிழையை மறைக்கும், ஆனால் அளவு மீறிய பெயர்களைச் சத்தமில்லாமல் வெட்டிச் சேமிக்கத் தொடங்கும்.

பிழை 1064, நேற்று வரை ஓடிய ஒரு வினவலில் வந்தால் அட்டவணையிலுள்ள நிரல்களின் (கொலம்) பெயர்களைப் பாருங்கள். ரேங்க், குரூப்ஸ், சிஸ்டம் ஆகியவை 8.0இல் ஒதுக்கப்பட்ட சொற்கள். டியூட்டரி மென்பொருளில் மாணவர் நிலைக்கு ரேங்க் என்று ஒரு நிரல் அநேகமாக இருக்கும். லாராவெல்லின் வினவல் முறையில் எழுதியவை தப்பும், ஏனென்றால் அது பெயர்களைப் பின்சாய்ந்த மேற்கோளுக்குள் தானே வைக்கிறது. கையால் எழுதிய எஸ்க்யூஎல்தான் அடிபடும்.

பிழை 1292, பூச்சியத் திகதிகளால் வருவது. மிகப் பழைய அட்டவணைகளில் திகதி தெரியாத இடத்தில் எல்லாம் பூச்சியமாகப் போட்டிருப்பார்கள். அவற்றை "நல்" (வெற்று மதிப்பு) ஆக்கிவிட்டுத் தொடருங்கள். பிழை 1449 என்றால் ஒரு வியூவை (சேமித்து வைத்த வினவல்) உருவாக்கிய பயனர் புதிய சேர்வரில் இல்லை, அதே பெயரில் பயனரை உருவாக்குங்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுபவர்களுக்கு அட்டவணை இல்லை என்று பிழை 1146 வந்தால், பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமாக இருக்கும். லினக்ஸில் அது கணக்கில் எடுக்கப்படும். சேர்வரை முதல் தடவை உருவாக்கும்போதே இதற்கான அமைப்பைத் தீர்மானிக்க வேண்டும், 8.0இல் பிறகு மாற்ற விடாது.

தமிழ் சரியாக இருக்கிறதா: கண்ணால் பார்க்காமல் எண்ணிப் பாருங்கள்

திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தால் உள்ளேயும் சரி என்று நினைப்பது பெரிய தவறு. 5.7இன் இயல்பான எழுத்துக்குறி முறை லேட்டின்1, அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. இணைப்பின் எழுத்துக்குறியைச் சொல்லாமல் எழுதிய பழைய பிஎச்பி, தமிழின் பைட்டுகளை லேட்டின் எழுத்துகள் என்ற பெயரில் உள்ளே அனுப்பி, அதே பெயரில் வெளியே எடுத்து வந்தது. இரண்டு தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் திரையில் தமிழ் தெரிந்தது. 8.0இன் இயல்பு யூடிஎப்8எம்பி4, எல்லா மொழி எழுத்துகளையும் கொள்ளும் யூனிகோட் முறை. இணைப்பு அதற்கு மாறியவுடன் ஒரு தவறு திருந்துகிறது, மற்றது மிஞ்சுகிறது. அதனால்தான் சேர்வரை மாற்றிய காலையில் வாடிக்கையாளர் பெயரெல்லாம் கிறுக்கலாக வருகிறது.

சோதிக்க ஒரு சொல் போதும். ஊர் என்ற நிரலில் "மட்டக்களப்பு" என்று இருக்கும் ஒரு நிரையை எடுத்து, "லெங்த்", "கேர் லெங்த்" இரண்டையும் கேளுங்கள். முதலாவது பைட்டுகளை எண்ணும், இரண்டாவது எழுத்துக்குறிகளை. இந்தச் சொல்லில் புள்ளிகளையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணினால் 12 குறிகள். யூடிஎப்8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

36உம் 12உம் வந்தால் தரவு சுத்தம், எதையும் தொடாதீர்கள்.

36உம் 36உம் வந்தால் மேலே சொன்ன நிலைமை, தமிழின் பைட்டுகள் லேட்டின்1 நிரலுக்குள் இருக்கின்றன. காப்பாற்றலாம்.

பைட் 72ஐத் தாண்டி, குறிகள் 36 என்று வந்தால் இரட்டைக் குறியாக்கம். யாரோ ஏற்கெனவே ஒரு தடவை பிழையாக மாற்றியிருக்கிறார்கள். இதையும் பின்னோக்கி எடுக்கலாம், ஆனால் நகலில் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

12உம் 12உம் வந்து, திரையில் கேள்விக்குறிகள் நின்றால் எழுத்துகள் போய்விட்டன. பழைய பேக்கப்பில் தேட வேண்டியதுதான்.

11உம் 11உம் வந்தால் பயப்படாதீர்கள், அது பாமினி, யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு முறை. பாமினியில் "பு" ஒரே விசை என்பதால் ஒரு குறி குறைகிறது. உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள், சேர்வர் மாற்றம் அவற்றை ஒன்றும் செய்யாது. யூனிகோடுக்கு மாற்றுவதைத் தனி வேலையாகப் பிறகு செய்யுங்கள்.

36, 36 நிலைமையில் "கொன்வர்ட் டு" கட்டளையை நேரே கொடுக்காதீர்கள். சேர்வர் அந்த 36ஐயும் உண்மையான லேட்டின் எழுத்துகள் என்று நம்பி ஒவ்வொன்றையும் மாற்றி எழுதும், இரட்டைக் குறியாக்கம் பிறப்பது இங்கேதான். டம்ப் கோப்பைத் திறந்து லேட்டின்1 என்ற சொல்லை எல்லா இடத்திலும் மாற்றுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும். சரியான வழி இரண்டு படி. முதலில் நிரலை அதே நீளத்தில் "வார்பைனரி" ஆக்குங்கள். அப்போது பைட்டுகள் மொழி அடையாளம் இல்லாத வெறும் பைட்டுகளாக நிற்கும். அடுத்து அதை யூடிஎப்8எம்பி4 "வார்கேர்" ஆக்குங்கள். இரண்டு படியிலும் வெற்று அனுமதி, இயல்பு மதிப்பு ஆகியவற்றைத் திரும்ப எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவை நீங்கிவிடும். மென்பொருளின் இணைப்பையும் அதே நேரத்தில் யூடிஎப்8எம்பி4 ஆக்குங்கள்.

இரண்டாம் படியில் பிழை 1366 வந்தால் அது எந்த நிரை என்று பாருங்கள். லேட்டின்1இல் 255 இடம் என்றால் 255 பைட், தமிழுக்கு 85 குறிதான் கொள்ளும். நீண்ட முகவரி ஒன்று எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கும். கடைசி ஓரிரு பைட்டை நீக்கி, முகவரியைக் கேட்டு நிரப்புங்கள்.

பிழை காட்டாமல் மாறுபவை

5.7இல் "குரூப் பை" போட்டால் விடை வரிசைப்பட்டும் வந்தது. 8.0இல் வராது. மாதாந்த அறிக்கையின் தொகை சரியாக இருக்கும், ஆனால் வரிசை கலைந்திருக்கும். "ஓடர் பை" சேர்த்து எழுதுங்கள்.

புதிதாக உருவாகும் அட்டவணைகள், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், யூடிஎப்8எம்பி4இன் 0900 ஒப்பீட்டு முறையை எடுக்கும். பழைய அட்டவணைகள் பழைய முறையிலேயே இருக்கும். இரண்டையும் பெயரால் இணைத்தால் பிழை 1267. அது வந்தால் நல்லது, கண்ணில் படுகிறது. கண்ணில் படாதது சொல்லின் முடிவில் உள்ள வெற்றிடம். பழைய முறைகளில் "குமார்" என்பதும் பின்னால் ஒரு வெற்றிடத்தோடு உள்ள "குமார்" என்பதும் ஒன்று. 0900இல் வேறு வேறு. கையால் தட்டச்சிட்ட தரவில் இந்த வெற்றிடங்கள் தாராளமாக இருக்கும். மாற்ற முதல் "டிரிம்" போட்டுத் துடைத்துவிடுங்கள்.

மாற்றும் இரவு

மென்பொருளைப் பராமரிப்பு நிலையில் வைத்து எல்லோரும் வெளியேறியதை உறுதிசெய்யுங்கள். புதிதாக டம்ப் எடுங்கள். ஒத்திகைக்கு எடுத்த டம்ப் பழசு, அதைத் தவறுதலாக ஏற்றினால் இடைப்பட்ட நாட்களின் பில்கள் காணாமல் போகும். தரவுக் கோப்புறையோடு மாற்றுபவர்கள் "இன்னோடிபி ஃபாஸ்ட் ஷட்டவுன்" அமைப்பைப் பூச்சியமாக்கிவிட்டுச் சேர்வரை நிறுத்தி, கோப்புறையை நகலெடுத்து, அதன் பிறகே புதிய பதிப்பைத் தொடங்குங்கள். முதல் எழும்பலில் திரை அசையாமல் நின்றாலும் நிறுத்தாதீர்கள், எரர் லொக்கைப் பாருங்கள். 8.0.16இலிருந்து தனியாக அப்கிரேட் கட்டளை கொடுக்கத் தேவையில்லை. 8.0இல் எல்லாம் சரியென்று கண்டு, மறுபடி நகல் எடுத்து, பிறகு 8.4.

சரிபார்க்கும்போது பிஎச்பிமைஅட்மின் காட்டும் நிரை எண்ணிக்கையை நம்பாதீர்கள், மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான வகையான இன்னோடிபி அட்டவணைகளுக்கு அது மதிப்பீடாகவும் இருக்கலாம். முக்கியமான அட்டவணைகளில் "கவுன்ட்" கேளுங்கள். பில் தொகை நிரலின் மொத்தக் கூட்டலை இரண்டு சேர்வரிலும் கேட்டு, சதம் வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். "மட்டக்களப்பு" 36, 12 என்று வருகிறதா என்றும் பாருங்கள்.

திரும்பிப் போவதா இல்லையா என்பதை முதல் உண்மையான பில் போட முதலே தீர்மானியுங்கள். 8.0 தொட்ட தரவை 5.7 திறக்காது, எடுத்து வைத்த நகலுக்குத்தான் திரும்பலாம். புதியதில் விழுந்த ஒவ்வொரு பில்லையும் அப்போது கையால் மீண்டும் போட வேண்டும். காலை எட்டு மணிக்குள் கூட்டல் பொருந்தாவிட்டால் பழையதிலேயே கடையைத் திறக்கச் சொல்லுங்கள், அடுத்த போயாவுக்குப் பார்க்கலாம்.

பொருந்திவிட்டால் பழைய சேர்வரை அழிக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள், தானாக எழும்பும் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அன்று இரவே புதிய சேர்வரிலிருந்து ஒரு டம்ப் எடுத்து வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். தானியங்கி பேக்கப் பழைய போர்ட்டையும் பழைய கருவியையும் நினைத்துக்கொண்டு வெற்றுக் கோப்புகளை எழுதிக்கொண்டிருந்தால், அது தெரியவரும் இடம் அதுதான்.